ஏவில் அப்புறம், அட்ரினலின் முதலில்

சுவா சூ காங் இடுகாட்டுப் பக்கம் புல் வெட்டும் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை பத்து மணி. புதருக்குள் இருந்த குளவிக்கூட்டை இயந்திரத்தின் நைலான் கயிறு தட்டிவிடுகிறது. ஒருவருக்குக் கழுத்தில் மூன்று கொட்டு. ஐந்து நிமிடத்துக்குள் கையும் வயிறும் தடித்துச் சிவக்கின்றன. "அண்ணே, தொண்டைக்குள்ள என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு" என்கிறார். பக்கத்தில் நிற்பவர் பையைத் துழாவி, ஊரிலிருந்து கிளம்பும்போது வீட்டில் கட்டிக்கொடுத்த மருந்துப் பொட்டலத்திலிருந்து ஏவில் என்ற ஒவ்வாமை மாத்திரை அட்டையை எடுக்கிறார். "இதப் போட்டுக்க தம்பி, பத்து நிமிஷத்துல சரியாயிடும்." இன்னொருவர் கம்பெனி லாரியைக் கிளப்புகிறார். தெக் வையில் இருக்கும் பலதுறை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்பது அவர் கணக்கு.

இருவருக்கும் நல்ல மனது. ஆனால் இரண்டு செயலுமே அந்தத் தம்பியின் உயிரோடு விளையாடுகின்றன. தொண்டை அடைப்பதாகச் சொன்ன நொடியிலேயே அது வெறும் அரிப்பு என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. மருத்துவர்கள் அனஃபிலாக்ஸிஸ் என்று சொல்லும் தீவிர ஒவ்வாமை அது. அதற்கு முதல் மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் ஊசி. விழுங்கிய ஏவில் வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, முழுவீச்சில் வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். பிரிட்டனில் 1992 முதல் 1998 வரை தீவிர ஒவ்வாமையால் இறந்தவர்களின் விவரங்களை ரிச்சர்ட் பம்ஃப்ரி என்ற மருத்துவர் திரட்டி 2000இல் வெளியிட்டார். மூச்சோ இதயமோ நிற்பதற்கு ஆன நேரத்தின் நடுமதிப்பு, உணவால் வந்தால் 30 நிமிடம், பூச்சிக் கொட்டால் வந்தால் 15 நிமிடம், மருத்துவமனையில் ஏற்றிய மருந்தால் வந்தால் 5 நிமிடம். குளவி தரும் 15 நிமிடத்தில் மாத்திரை இரைப்பையைத் தாண்டினாலே பெரிய விஷயம்.

இந்தக் கட்டுரை மூன்று வகை ஆட்களுக்கு. சிங்கப்பூரில் தாதியாகவோ ஆம்புலன்ஸ் பணியாளராகவோ சேர்ந்திருப்பவர்கள், சேர நினைப்பவர்கள் முதல் வகை. சுங்கை காடுட் மரப்பட்டறையிலும் தெங்கா கட்டுமானத் தளத்திலும் முதலுதவியாளர் என்று பெயர் கொடுத்திருப்பவர்கள் இரண்டாவது. கிராஞ்சிப் பக்கத் தங்கும் விடுதிகளில் இரவில் யாராவது கதவைத் தட்டினால் எழுந்துவரும் மேற்பார்வையாளர்கள் மூன்றாவது. ஒவ்வாமை மருந்து எல்லோர் பையிலும் இருக்கிறது. அதை எப்போது கொடுப்பது, எப்போது எடுக்கவே கூடாது, கொடுத்த பின் என்ன பார்ப்பது என்பதில்தான் வேலைத் திறமை இருக்கிறது.

துண்டு போட்டு இடம் பிடிப்பது

ஒவ்வாமையின்போது உடலில் மாஸ்ட் செல்கள் வெடித்து ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அது போய் உட்கார்வதற்கென்று ரத்தக்குழாய்களிலும் நரம்பு நுனிகளிலும் இடங்கள் உண்டு. உட்கார்ந்தால் அரிப்பு, சிவப்பு, வீக்கம். ஒவ்வாமை மருந்து செய்வது பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை. காலியாக இருக்கும் இருக்கைகளைப் பிடித்துவைக்கும், ஏற்கெனவே உட்கார்ந்தவரை உடனே எழுப்பாது. அதோடு, மாஸ்ட் செல் கொட்டுவது ஹிஸ்டமின் மட்டும் இல்லை. லூக்கோட்ரையீன், புரோஸ்டாகிளாண்டின் என்று வேறு கூட்டமும் வருகிறது. அவை வேறு இருக்கைகளில் உட்கார்ந்து மூச்சுக்குழாயை இறுக்குகின்றன, ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளுகின்றன. துண்டு அங்கே எட்டாது.

அட்ரினலின் வேறு ஜாதி. தளர்ந்துபோன ரத்தக்குழாயை இறுக்கி அழுத்தத்தைத் தூக்கும், இதயத்தை வேகமாக இயக்கும், மூச்சுக்குழாயைத் திறக்கும், மாஸ்ட் செல் மேலும் கொட்டுவதையும் குறைக்கும். நான்கையும் ஒரே ஊசி செய்கிறது, சில நிமிடங்களில்.

டேனியல் போவே பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் முதல் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தைக் கண்டது 1937இல். 1957இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு கழித்து, 2007இல், தீவிர ஒவ்வாமையில் இந்த மருந்துகள் உயிர் காக்கின்றனவா என்று காக்ரேன் ஆய்வுக் குழு தேடிப் பார்த்தது. தகுதியான ஒரு சீரற்ற ஒப்பீட்டு ஆய்வுகூடக் கிடைக்கவில்லை. இத்தனை காலம் உலகமே பழக்கத்தில் கொடுத்து வந்திருக்கிறது. 2021இல் பிரிட்டனின் உயிர்ப்பிப்புக் கவுன்சில் தன் வழிகாட்டியில் தெளிவாகவே எழுதிவிட்டது: தீவிர ஒவ்வாமையின் தொடக்க சிகிச்சையில் ஒவ்வாமை மருந்துக்கு இடம் இல்லை. நோயாளி நிலைப்பட்ட பிறகு, தோல் அரிப்பு மிச்சம் இருந்தால் கொடுக்கலாம், அதுவும் தூக்கம் தராத செட்டிரிசின் வகையாக இருப்பது நல்லது. சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலையாக ஒவ்வாமை திரும்பி வருவதையும் இந்த மருந்துகள் தடுப்பதாக நம்ப ஆதாரம் இல்லை. அதனால்தான் "இப்ப நல்லா இருக்கேன், போறேன்" என்பவரையும் பல மணி நேரம் கண்காணிப்பில் வைக்கிறார்கள்.

ஊர்ப் பழக்கத்தைக் கழற்றி வைப்பது

தமிழ்நாட்டில் பயிற்சி பெற்ற தாதிகளுக்கு ஒரு ஜோடிப் பெயர் நாக்கு நுனியில் இருக்கும். ஏவில், டெக்சா (டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு). அலர்ஜி என்று யார் வந்தாலும், தெருமுனைக் கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரை, கை தானாக அந்த இரண்டு ஆம்பூலை நோக்கிப் போகும். பெரும்பாலான நோயாளிகளுக்கு வெறும் தோல் தடிப்புதான் இருக்கும், அவர்கள் எப்படியும் குணமாகிவிடுவார்கள். பழக்கம் அப்படித்தான் உறுதிப்பட்டது. நூற்றில் ஒருவருக்கு மூச்சு அடைக்கும்போதும் அதே கை அதே ஆம்பூலுக்குப் போவதுதான் ஆபத்து. அந்தத் தாதிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் பார்த்த மருத்துவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் சிங்கப்பூரின் அவசர சிகிச்சைப் பிரிவில் அந்தப் பழக்கத்தோடு நிற்கக்கூடாது.

இங்கே தாதியாக வேலை செய்யச் சிங்கப்பூர்த் தாதிமை வாரியத்தில் பதிவு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதிவு வாங்கத் தயாராகும்போதே இதையும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். "நிலக்கடலை சாப்பிட்ட இருபத்திரண்டு வயதுப் பையன், உடம்பெல்லாம் தடிப்பு, விசில் மாதிரி மூச்சு, ரத்த அழுத்தம் 84. முதலில் என்ன செய்வீர்கள்?" என்று நேர்காணலில் கேட்டால், பதிலின் முதல் சொல் அட்ரினலினாக இருக்கவேண்டும். பெரியவருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வீரியமுள்ள கரைசலில் 0.5 மில்லி, அதாவது 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில். முன்னேற்றம் இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் மறுபடி. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு 0.3 மில்லிகிராம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை 0.15 என்பது பிரிட்டன் வழிகாட்டியின் அளவு. நீங்கள் சேரும் இடத்தின் நெறிமுறையில் அளவு சற்று மாறலாம், அதைத்தான் பின்பற்றவேண்டும். மருத்துவர் வருமுன் தாதியே அட்ரினலின் போட அங்கே நிலையான உத்தரவு இருக்கிறதா என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மூத்த தாதியிடம் கேட்டுவிடுங்கள். நடுராத்திரி மூன்று மணிக்குக் கேட்கும் கேள்வி இல்லை அது.

நரம்பு வழியாக அட்ரினலின் தள்ளுவது வேறு விஷயம். அளவு பிசகினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். அனுபவமுள்ள மருத்துவர்களின் வேலை அது. புதிதாக வந்தவருக்கு விதி ஒன்றுதான்: தசை, தொடை, உடனே.

தோல் தடிப்பு இல்லையே என்று தயங்குபவர்கள் உண்டு. தீவிர ஒவ்வாமையில் பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ தோலில் ஒன்றுமே தெரியாது. திடீர் வாந்தி, மயக்கம், குரல் கம்மல் மட்டும் இருக்கும். கொட்டியதோ தின்றதோ ஊசி போட்டதோ சற்று முன் நடந்திருந்தால் அதுவே போதுமான தடயம்.

முதலுதவியாளர்களுக்கு வருவோம். இருபத்தைந்து பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பயிற்சி பெற்ற முதலுதவியாளர் இருக்கவேண்டும் என்பது சிங்கப்பூர் வேலையிடப் பாதுகாப்பு விதி. பல தளங்களில் அந்தப் பெயர் நம் ஆட்களில் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் தலையில் விழுகிறது. அது சும்மா வரும் பட்டம் இல்லை. உங்களிடம் அட்ரினலின் இருக்காது. நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் 995. குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்சில் வரும் துணை மருத்துவர்களிடம் அட்ரினலின் இருக்கிறது. லாரியில் ஏற்றுவதைவிட மருந்தை ஆளிடம் வரவழைப்பது வேகம். 1777 என்பது அவசரமற்ற ஆம்புலன்சுக்கான எண், பதற்றத்தில் அதை அழுத்திவிடவேண்டாம். இடுகாட்டுப் பக்கமோ லிம் சூ காங் பண்ணைப் பக்கமோ புளோக் எண் கிடையாது. ஒருவரைப் பெரிய சாலைக்கு அனுப்பி, கையை ஆட்டி ஆம்புலன்சுக்கு வழிகாட்டச் சொல்லுங்கள். நோயாளியிடம் சொந்தமாக அட்ரினலின் பேனா இருந்தால் அவர் அதைப் போட்டுக்கொள்ள உதவுங்கள். கால்சட்டை மேலேயே போடலாம்.

இன்னொன்று, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: அவரை எழுப்பி நிறுத்தாதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறல் அதிகமென்றால் சாய்ந்து உட்காரலாம். ரத்த அழுத்தம் விழுந்திருக்கும்போது சட்டென்று நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் வற்றிப்போகிறது. அப்படி நிமிர்த்திய சில நொடிகளில் இறந்தவர்களைப் பற்றி அதே பம்ஃப்ரி 2003இல் எழுதினார். லாரியின் பின்பக்கத்தில் ஏறி உட்காரச் சொல்வது, "கொஞ்சம் நடந்து வா தம்பி" என்று கையைப் பிடித்து இழுப்பது, இரண்டும் இந்த வகை.

தூக்கம் தெரியாமலே வரும் மந்தம்

சரி, சாதாரணத் தோல் தடிப்புதான், மூச்சும் அழுத்தமும் நன்றாக இருக்கின்றன. அப்போது ஒவ்வாமை மருந்து கொடுக்கலாம். எதைக் கொடுப்பது என்பது அவர் நாளை என்ன வேலை செய்யப் போகிறார் என்பதைப் பொறுத்தது. என் பார்வையில் இந்தக் கேள்வியைத்தான் யாரும் போதுமான அளவு கேட்பதில்லை.

ஏவில் என்கிற பெனிராமின், இங்கே சின்ன மஞ்சள் மாத்திரையாகக் கிடைக்கும் குளோர்பெனிராமின், டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின், ஹைட்ராக்ஸிசின் எல்லாம் பழைய தலைமுறை. இவை மூளைக்குள் நுழைகின்றன. மூளையில் ஹிஸ்டமின்தான் நம்மை விழிப்போடு வைத்திருக்கும் பொருட்களில் ஒன்று. அதன் இருக்கையிலும் துண்டு விழுந்துவிடுகிறது. செட்டிரிசின், லோராட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் புதிய தலைமுறை. மூளைக்குள் குறைவாகவே போகும். இவற்றில் செட்டிரிசின் மட்டும் சிலருக்குக் கொஞ்சம் தூக்கம் தரும்.

2000இல் அமெரிக்காவின் அயோவாவில் நாற்பது பேரை வாகனம் ஓட்டும் பாவனைக் கருவியில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். டைஃபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம் எடுத்தவர்களின் ஓட்டும் திறன், ரத்தத்தில் ஏறத்தாழ 0.1 விழுக்காடு மது இருந்தபோது இருந்ததைவிட மோசமாக இருந்தது. ஃபெக்ஸோஃபெனடின் எடுத்தவர்கள் மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களைப் போலவே ஓட்டினார்கள். அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: எவ்வளவு தூக்கமாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னதை வைத்து எவ்வளவு மோசமாக ஓட்டுவார்கள் என்று கணிக்க முடியவில்லை. ஆகவே "எனக்குத் தூக்கமே வரல அண்ணே, நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிடறேன்" என்ற பேச்சை நம்பக்கூடாது. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியவில்லை. ராத்திரி போட்ட மாத்திரையின் மந்தம் காலை வரை இழுக்கும்.

வெளிவேலை செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பழைய தலைமுறை மருந்துகள் அசெட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளையும் தடுக்கின்றன. வாய் உலரும், பார்வை மங்கும், மலம் இறுகும், சிறுநீர் அடைக்கும், வியர்வையும் குறையும். சிங்கப்பூர் வெயிலில் வியர்க்காத உடல் சூட்டை வெளியே தள்ள முடியாமல் தவிக்கும். 2023 அக்டோபர் முதல் வெப்ப அழுத்தத்தை அளந்து ஓய்வு கொடுக்கவேண்டும் என்று மனிதவள அமைச்சு விதித்திருக்கிறது. அந்த அளவுமானி காற்றைத்தான் அளக்கும், உள்ளே போன மாத்திரையை அளக்காது. மூக்கொழுகலுக்கு மஞ்சள் மாத்திரை போட்டுக்கொண்டு கூரை வேலைக்கு ஏறுகிறவரைத் தேடிப் பிடித்துக் கேட்பது பாதுகாப்பு மேற்பார்வையாளரின் வேலை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நண்பர்களோடு பீர் குடித்துவிட்டு இரவு இந்தப் பழைய மருந்து கலந்த இருமல் சிரப்பும் விழுங்குகிறவரிடமும் சொல்லவேண்டும். இரண்டும் சேர்ந்து மூளையை அமுக்கும்.

முதியவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம். வீவக அடுக்குமாடிப் புளோக்கில் தனியாக இருக்கும் எழுபத்தைந்து வயது மாமாவுக்கு அரிப்புக்காக மஞ்சள் மாத்திரை கொடுத்து அனுப்புகிறீர்கள். இரண்டு நாள் கழித்து அதே மாமா சிறுநீர் அடைத்துக்கொண்டு வருகிறார். அல்லது இரவில் எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிறார். அல்லது மகளையே அடையாளம் தெரியாமல் குழம்பிப் பேசுகிறார், குடும்பம் அதை மறதி நோய் என்று நினைத்து அழுகிறது. புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்த நோய் இருக்கிறதா என்று கேட்காமல் இந்த வகையைக் கொடுக்கக்கூடாது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பீயர்ஸ் பட்டியல், முதியவர்களுக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகளில் பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்துகளைச் சேர்த்திருக்கிறது. சிறுநீரகம் பலவீனமானவருக்குச் செட்டிரிசின் அளவையும் குறைக்கவேண்டும். ஃபெக்ஸோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் சாற்றோடு விழுங்கினால் உடலில் சேர்வது குறைந்துவிடும், தண்ணீரோடுதான் விழுங்கவேண்டும். டிஸ்சார்ஜ் செய்யும்போது சொல்ல இதற்கு அரை நிமிடம் ஆகும்.

இதயத் துடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய தலைமுறை என்று கொண்டாடப்பட்ட டெர்ஃபெனடின், எரித்ரோமைசின் போன்ற மருந்துகளோடு சேர்ந்தபோது துடிப்பை உயிர்க்கொல்லி அளவுக்குக் குலைத்தது. 1990களின் கடைசியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து போய்விட்டது, 1999இல் அஸ்டெமிசோலும் போனது. அதே காரணத்துக்காக ஹைட்ராக்ஸிசினின் அளவுக்கு 2015இல் ஐரோப்பிய மருந்து முகமை வரம்பு போட்டது. ஆகவே இதய நோயாளி என்றால் ஈசிஜியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஊசியைக் கையில் வைத்திருக்கும்போது

மாத்திரையின் பக்கவிளைவு மெதுவாக வரும். ஊசியின் பக்கவிளைவு உங்கள் கண் முன்னால் வரும். குளோர்பெனிராமினை நரம்பில் சட்டென்று தள்ளினால் ரத்த அழுத்தம் விழும். ஏற்கெனவே ஒவ்வாமையால் அழுத்தம் விழுந்தவருக்கு இது எரிகிற தீயில் எண்ணெய். குறைந்தது ஒரு நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்தவேண்டும். நோயாளி தூங்கிவிட்டால் அது மருந்தின் தூக்கமா, அதிர்ச்சி நிலையின் மயக்கமா என்று பிரித்தறிவதும் சிரமம். தூக்கம் தரும் மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுக்கவேண்டாம் என்பதற்கு இந்தக் குழப்பமே போதுமான காரணம்.

புரோமெத்தசின் ஊசியைத் தொடும் ஒவ்வொரு தாதியும் அமெரிக்காவின் வெர்மான்ட்டைச் சேர்ந்த டயானா லெவின் கதையைத் தெரிந்துகொள்ளவேண்டும். அவர் கிட்டார் கலைஞர். 2000இல் ஒற்றைத் தலைவலிக்கும் குமட்டலுக்கும் சிகிச்சைக்குப் போனார். நரம்பு வழியாகத் தள்ளிய புரோமெத்தசின் தமனிக்குள் போய்விட்டது. திசு அழுகி, கடைசியில் வலது கையை முழங்கைக்குக் கீழ் வெட்டி எடுக்கவேண்டி வந்தது. மருந்து நிறுவனம் எச்சரிக்கையைப் போதுமான அளவு தரவில்லை என்று வழக்குப் போட்டார். 2009 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு அந்த மருந்தின் மேல் கட்டம் கட்டிய மிகக் கடுமையான எச்சரிக்கை ஏறியது: ஆழமான தசை ஊசிதான் ஏற்ற வழி, தோலுக்கடியில் போடவே கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூச்சு அடங்கிவிடும் அபாயம் இருப்பதால் கொடுக்கவே கூடாது என்ற எச்சரிக்கை அதற்கும் முன்பே வந்தது. ஊசி போடும்போது நோயாளி "எரியுது, எரியுது" என்று சொன்னால், "கொஞ்சம் பொறுத்துக்கங்க அக்கா" என்று சொல்லித் தொடரவேண்டாம். உடனே நிறுத்துங்கள்.

குழந்தைகளுக்குப் பழைய மருந்து சில சமயம் தலைகீழாக வேலை செய்யும். தூங்குவதற்குப் பதில் துள்ளிக் குதித்து, அழுது, கத்தும். அளவு மிஞ்சினால் வலிப்பு வரும். டைஃபென்ஹைட்ரமின் மாத்திரைகளை நிறைய விழுங்கியவருக்கு ஈசிஜியில் அலைகள் அகன்றுபோகலாம், அதற்குச் சோடியம் பைகார்பனேட் கொடுப்பார்கள். அலமாரியில் சாக்லேட் போல வைத்திருக்கும் இருமல் சிரப்பைப் பற்றிப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பாதீர்கள்.

ஒவ்வாமை மருந்தே நாயகனாகும் இடங்களும் உண்டு. வெறும் தோல் தடிப்பு அவற்றில் ஒன்று. 2019இல் அமெரிக்காவில் நரம்பு வழிச் செட்டிரிசினுக்கு அனுமதி கிடைத்தது. டைஃபென்ஹைட்ரமின் ஊசிக்கு அது பின்தங்கவில்லை, தூக்கம் குறைவு. இரண்டாவது இடம்: வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடு சிலருக்கு, முக்கியமாக இளம்பெண்களுக்கு, கழுத்தைத் திருகி, கண்ணை மேலே செருகவைக்கும். வீட்டார் பேய் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோவார்கள். டைஃபென்ஹைட்ரமின் ஊசி போட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் முகம் பழையபடி ஆகும். அசெட்டைல்கோலினைத் தடுக்கும் அதே குணம் இங்கே மருந்தாகிறது.

மீன் குழம்பு மர்மம் மூன்றாவது. விடுதியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே நேரத்தில் எட்டுப் பேர் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு, வயிற்றுப்போக்கோடு வருகிறார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே நாளில் மீன் ஒவ்வாமை முளைக்குமா? கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்குகிறது. சமைத்தாலும் அது அழியாது. விடியற்காலையில் கட்டி அனுப்பும் பொட்டலச் சாப்பாட்டை வெயிலில் வைத்து மதியம் சாப்பிடும் தளங்களில் கெட்டுப்போன உணவின் பலவகைத் தொல்லைகளோடு இதையும் நினைவில் வைக்கவேண்டும். இங்கே ஹிஸ்டமின் வெளியிலிருந்து வந்திருக்கிறது, அதனால் ஒவ்வாமை மருந்து சரியான மருந்து. வாழ்நாள் முழுக்க மீனே சாப்பிடக்கூடாது என்று யாருக்கும் எழுதிக்கொடுக்கவேண்டாம். உணவு எங்கிருந்து வந்தது, எப்போது சமைத்தது என்று எழுதி மேலே தெரிவியுங்கள். மூச்சோ அழுத்தமோ கெட்டால் இங்கேயும் அட்ரினலின்தான் முதல்.

கேட்கவேண்டிய கேள்விகள்

சிங்கப்பூரில் ஒவ்வாமைக் காரணங்களைக் கேட்கும்போது ஊர்ப் பட்டியல் போதாது. உணவால் தீவிர ஒவ்வாமை வந்த சிங்கப்பூர்க் குழந்தைகளைப் பற்றி 1999இல் வெளியான ஆய்வில் முதலிடம் பிடித்தது பறவைக்கூடு, அதாவது உழவாரன் குருவியின் எச்சிலால் ஆன அந்த விலையுயர்ந்த சீனப் பலகாரம். பிறகு நிலக்கடலையும் மேலேறி வந்தது. 2012இல் இங்குள்ள மருத்துவர்கள் இன்னொரு விநோதத்தை எழுதினார்கள். பாலால் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்குப் பால்மாவில் சேர்த்த காலக்டோ ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரைப் பொருளால் அனஃபிலாக்ஸிஸ் வந்தது. "பால் ஒத்துக்குமா?" என்று மட்டும் கேட்டிருந்தால் பிடிபட்டிருக்காது. என்ன பிராண்டு, டப்பாவில் என்ன எழுதியிருந்தது, டப்பா கையில் இருக்கிறதா என்று கேட்கவேண்டும்.

தமிழ் தெரிந்த தாதி என்பது இங்கே வெறும் வசதி இல்லை, அது மருத்துவக் கருவி. பயந்துபோன தொழிலாளி ஆங்கிலத்தில் "இச்சிங்" என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடுவார். "தம்பி, மூச்சு விட கஷ்டமா இருக்கா? தொண்டை கட்டுதா? தலை சுத்துதா? வரும் முன்னாடி ஏதாவது மாத்திரை போட்டியா, அட்டை இருக்கா?" என்று தமிழில் கேட்டால் உண்மை வெளியே வரும். முன்பே போட்ட ஏவில் அரிப்பை அடக்கித் தோலைச் சுத்தமாகக் காட்டியிருக்கலாம், உள்ளே அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும். வேலை அனுமதிச் சீட்டு போய்விடுமோ என்ற பயத்தில் மாத்திரை போட்டதை மறைப்பவர்களும் உண்டு. கேட்கிற குரலில் கண்டிப்பு இருந்தால் அவர் வாயே திறக்கமாட்டார்.

ஒப்படைக்கும்போது நேரங்களைச் சொல்லுங்கள். கொட்டியது எப்போது, அட்ரினலின் எந்தத் தொடையில், எத்தனை மணிக்கு, இரண்டாவது ஊசி உண்டா, ஒவ்வாமை மருந்து எது, எவ்வளவு, எந்த வழியாக. டிரிப்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனைக்கு அறிகுறி தொடங்கிய ஓரிரண்டு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுப்பது நல்லது. தாமதமானால் பின்னாளில் இது உண்மையிலேயே அனஃபிலாக்ஸிஸா என்று உறுதிப்படுத்துவது சிரமமாகும். மருந்தால் வந்த ஒவ்வாமை என்றால் அவருடைய மின்னியல் மருத்துவப் பதிவில் அது ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், இன்னொருவர் செய்திருப்பார் என்று விடாதீர்கள்.

நம் புல்வெட்டித் தம்பிக்குத் திரும்புவோம். 995 அழைத்தார்கள், படுக்கவைத்தார்கள், ஆம்புலன்சில் தொடையில் ஊசி விழுந்தது, மருத்துவமனையில் கண்காணித்து மறுநாள் அனுப்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் மூன்று நாள் எம்சி, செட்டிரிசின் அட்டை, ஒவ்வாமைச் சிறப்பு மருத்துவரிடம் போகச் சொல்லும் கடிதம். தோல் பரிசோதனைக்குப் போகும் முன் கிட்டத்தட்ட ஒரு வாரம் எந்த ஒவ்வாமை மருந்தும் போடக்கூடாது, போட்டால் பரிசோதனை பொய் சொல்லும் என்பதை அவருக்குத் தமிழில் எழுதிக்கொடுங்கள். அட்ரினலின் பேனா எழுதித் தந்திருந்தால் அதை லாக்கரில் பூட்டாமல் வேலைக்குப் போகும் பையில் வைக்கச் சொல்லுங்கள். ஃபோர்மேனையும் கூடவே இருக்கச் சொல்லி, பேனாவின் மூடியை எப்படிக் கழற்றுவது, எந்த இடத்தில் அழுத்துவது என்று பயிற்சிப் பேனாவில் இருவரையும் ஒருமுறை செய்துபார்க்க வையுங்கள். அடுத்த புதருக்குப் பக்கத்தில் அவரோடு நிற்கப்போவது அந்த ஃபோர்மேன்தான்.